கிரானைட்வில் முதல் அனிஸ்டன் வரை: காற்றை அளக்கக் கற்கும் தீயணைப்பாளர்கள்

அமெரிக்காவின் தென்பகுதியைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் ஐ-20 நெடுஞ்சாலை, தென் கரோலினாவின் ஃபுளோரன்ஸ் நகரருகே தொடங்கி, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களைத் தாண்டி, டெக்சாசின் மேற்குப் புறத்தில் முடிகிறது. இந்த நெடுவழியில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மட்டுமே கொண்ட ஒரு பகுதி, தென் கரோலினாவின் கிரானைட்வில் என்னும் சிற்றூரிலிருந்து அலபாமாவின் அனிஸ்டன் நகர் வரையிலான பகுதி, தீயணைப்புத் துறையில் அக்கறை கொண்டோர் தனியே பயணம் செய்து பார்க்கத் தக்கது. கொடிய வேதிப்பொருள் ஓர் ஊரின் காற்றில் கலந்தால் என்ன நேரும் என்பதை அதன் கிழக்கு முனையில் காணலாம். அத்தகைய காற்றுக்குள் நுழைய வேண்டியவர்கள் அதை அளக்கும் கருவிகளை எவ்வாறு பழகுகிறார்கள் என்பதை மேற்கு முனையில் காணலாம்.

கிரானைட்வில், ஹார்ஸ் கிரீக் என்னும் ஓடையின் பள்ளத்தாக்கில் அமைந்த பழைய பஞ்சாலை ஊர். வில்லியம் கிரெக் என்பவர் 1845-இல் நிறுவிய நூற்பாலையின் கருங்கற் கட்டடமும், அதற்கு நீர் கொணர்ந்த வாய்க்காலும், தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட சிறு மரவீடுகளும் இன்றும் நிற்கின்றன. ஆலை, வீடுகள், தேவாலயம், இருப்புப்பாதை ஆகிய யாவும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதைக் காண்பவர்களுக்கு, 2005 ஜனவரி 6 அதிகாலையில் நிகழ்ந்த விபத்து ஏன் அத்தனை கொடியதாயிற்று என்பது விளக்கமின்றியே புரியும். பக்கத் தண்டவாளத்துக்குத் திருப்பிவிடப்பட்ட பாதை மாற்றி மீண்டும் நேர்ப்பாதைக்குத் திருப்பப்படாமல் விடப்பட்டதால், அவ்வழியே வந்த நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில், ஆலையருகே நிறுத்தப்பட்டிருந்த மற்றொரு ரயிலின்மீது மோதித் தடம்புரண்டது. நேரம் சுமார் 2:40 மணி. ஆலையில் இரவு முறை வேலை நடந்துகொண்டிருந்தது. திரவக் குளோரின் ஏற்றிய மூன்று தொட்டி வண்டிகளுள் ஒன்று துளைபட்டு, பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு பள்ளத்தாக்கில் பரவியது. ரயில் ஓட்டுநர் உட்பட ஒன்பது பேர் அந்த வாயுவைச் சுவாசித்து இறந்தனர். 554 பேர் மூச்சுத் தொல்லையோடு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு மைல் ஆரத்துக்குள் வாழ்ந்த ஏறத்தாழ 5,400 பேர் பல நாட்கள் வெளியேற்றப்பட்டனர். வாயு அரித்த எந்திரங்களோடு தடுமாறிய ஆலை 2006-இல் மூடப்பட்டது. உதவிக்கு விரைந்த உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவரே வாயுவால் தாக்குண்டு பின்வாங்க நேர்ந்தது என்பது, இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே மேலெழுந்து கலைந்துபோகாமல், நீரைப் போலத் தாழ்நிலம் தேடி ஓடை வழியே படியும். உடனடி உயிராபத்து அளவு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதற்கு வகுத்திருப்பது பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு மட்டுமே. அதாவது, தனிச் சுவாசக் கருவி இல்லாமல் அந்த அளவை எதிர்கொள்பவர் உயிரிழக்கவோ, நிலையான உடற்கேடு அடையவோ, தப்பியோடும் வலிமையை இழக்கவோ கூடும். இவ்வளவு சிறிய அளவை எந்தக் கருவி கொண்டு அறிவது என்னும் கேள்விக்கு, அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் நால்வாயு மீட்டர் நேரான விடை தராது. அந்த மீட்டர் அளப்பவை ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய நான்கை மட்டுமே. குளோரின் எரியக்கூடிய வாயு அன்று. எனவே கொல்லும் அளவுக்குக் குளோரின் சூழ்ந்த இடத்திலும், எரிவாயுக்குரிய திரையில் சுழியமே நிற்கக்கூடும்.

இன்னும் நுட்பமான கருவியும் இங்கே கைவிடும். ஒளி அயனியாக்கக் கருவி என்பது, புற ஊதா விளக்கின் ஒளியால் வாயு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, அதனால் எழும் மின்னோட்டத்தைக் கொண்டு காற்றிலுள்ள ஆவியின் அளவைக் கணிப்பது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தன் எலக்ட்ரானை இழக்க ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வேண்டும். பென்சீனுக்கு அது 9.24 எலக்ட்ரான் வோல்ட், அமோனியாவுக்கு 10.2-க்குச் சற்றுக் குறைவு, குளோரினுக்கு ஏறத்தாழ 11.5. பெரும்பாலான கருவிகளில் பொருத்தப்படும் விளக்கின் ஆற்றலோ 10.6 மட்டுமே. பத்தடித் துறட்டியைக் கொண்டு பன்னிரண்டடி உயரத்துக் காயைப் பறிக்க முடியாதது போல, அந்த விளக்கால் குளோரினைத் தொட இயலாது. ஆனால் ஒரு கோலின் நுனியில் ஈரப்படுத்திக் கட்டிய பிஎச் தாள், அதாவது அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் எளிய காகிதம், குளோரின் பட்டவுடன் சிவந்து பின் வெளுத்துப்போகும். பொட்டாசியம் அயோடைடும் மாவுப்பொருளும் தோய்த்த தாள் கருநீலமாக மாறும். சில காசு பெறும் காகிதம் பல ஆயிரம் டாலர் கருவி காணாததைக் காணும் இந்த உண்மையிலிருந்துதான் கண்டறி கருவிப் பயிற்சி தொடங்க வேண்டும். கருவி எதைக் காணும் என்பதைவிட எதைக் காணாது என்பதே வீரரின் உயிரோடு நேரடித் தொடர்புடையது.

கிரானைட்விலுக்குத் தெற்கே, சவானா ஆற்றங்கரையில், 1950-களில் அணுகுண்டுக்கான புளுட்டோனியமும் டிரிட்டியமும் ஆக்குவதற்கென அமைக்கப்பட்ட பெரும் அணுசக்தி வளாகம் பைன் காடுகளுக்குள் மறைந்திருக்கிறது. கதிரியக்கத்தை மக்கள் மற்றெல்லாவற்றையும்விட அஞ்சுகின்றனர். ஆயினும் கருவிகளின் நோக்கில் பார்த்தால், அபாயங்களுள் மிக எளிதாகவும் விரைவாகவும் கண்டறியப்படுவது அதுவே. கைகர் மீட்டர் காமாக் கதிரை நொடியில் உணர்த்தும்; காகிதத்தாலேயே தடுக்கப்படும் ஆல்ஃபாத் துகளுக்கு மட்டும், மெல்லிய படலம் கொண்ட தட்டையான ஆய்கருவியைப் பரப்பின் மிக அருகில், மிக மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரத்தில் கையை வீசி ஓட்டுபவர் எதையும் காணமாட்டார்.

சவானா ஆற்றைக் கடந்தால் ஜார்ஜியாவின் அகஸ்டா; அங்கிருந்து அட்லாண்டா வரை சுமார் 230 கிலோமீட்டருக்குச் செம்மண்ணும், நெடிதுயர்ந்த பைன் மரங்களும், அவற்றின்மேல் போர்வையாகப் படரும் குட்சு கொடியுமே சாலையின் இருமருங்கிலும் தொடர்கின்றன. அட்லாண்டாவுக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டியே கானியர்ஸ் என்னும் ஊர் இருக்கிறது. நீச்சல் குளங்களைத் தூய்மைப்படுத்தும் குளோரின் சேர்மங்களைச் சேமித்து வந்த பயோலேப் நிறுவனத்தின் கிடங்கு இங்கே 2024 செப்டம்பர் 29 அன்று எரிந்தது. ஏறத்தாழ 17,000 பேர் வெளியேற்றப்பட்டனர். மாவட்டத்தின் சுமார் 90,000 மக்களும் கதவடைத்து வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஐ-20 இரு திசையிலும் மூடப்பட்டது. மறுநாள் குளோரின் வாடை அட்லாண்டா வரை உணரப்பட்டது. இதே வளாகத்தில் 2004-இலும் 2020-இலும் விபத்துகள் நிகழ்ந்திருந்தன என்பது வேதனைக்குரியது.

கானியர்ஸ் நிகழ்வின் பாடம் வேறு வகையானது. அங்கிருந்த டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம் என்னும் பொருள், குளத்து நீர் போன்ற பெரும் நீர்ப்பரப்பில் அமைதியாகக் கரையக்கூடியது. சிறிதளவு நீர் மட்டும் பட்டு ஈரமானாலோ சூடேறிச் சிதைந்து குளோரினையும் பிற நச்சு ஆவிகளையும் வெளியிடும். தண்ணீரைத் தன் முதல் ஆயுதமாகக் கொண்ட தொழிலில், தண்ணீரே எரிபொருளின் வேலையைச் செய்யும் சூழல் இது. எனவே குழாயைத் திறக்குமுன் பொருள் இன்னதென்று அறிவதும், தீ தணிந்த பின்னும் புகைப்படலம் செல்லும் வழியெங்கும் காற்றைத் தொடர்ந்து அளப்பதும் தவிர்க்க முடியாதவை ஆகின்றன. கண்டறிதலும் கண்காணித்தலும் வெவ்வேறு வேலைகள் என்பது இங்கே தெளிவாகும்: முன்னது இருப்பது எது என்று கேட்கிறது, பின்னது அது எவ்வளவு, எத்திசையில், கூடுகிறதா குறைகிறதா என்று மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில், கேட்டுக்கொண்டே இருக்கிறது. கானியர்ஸில் தீ அணைந்த பிறகும் பல நாட்கள், இரவு நேரங்களில் வெளியே வர வேண்டாம் என்ற அறிவுரை நீடித்தது. பகலில் வெப்பத்தால் மேலெழுந்து கலையும் காற்று, இரவில் குளிர்ந்து தரையோடு தேங்குவதால், அதே அளவு கசிவும் இரவில் மிகுந்த செறிவோடு மக்களை வந்தடையும்.

இத்தகைய பயிற்சி அமெரிக்காவில் சட்டக் கடமையானதற்கு ஓர் இந்திய நகரமே முதற் காரணம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் மேற்கு விர்ஜீனியா ஆலையில் ஏற்பட்ட கசிவு நூற்றுக்கும் மேற்பட்டோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. இவற்றின் விளைவாக, ஆலைகள் தாம் வைத்திருக்கும் நச்சுப்பொருள்களை உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது; அதே சட்டத்தொகுப்பின் ஆணைப்படி, வேதிவிபத்துகளில் பணியாற்றுவோர் பெற வேண்டிய பயிற்சியைப் படிநிலைகளாக வகுத்த தொழிற்பாதுகாப்பு விதி 1989-இல் வெளிவந்து மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆபத்தை அடையாளம் கண்டு விலகி நின்று செய்தி தருவோர், தொலைவிலிருந்து தடுப்போர், கசிவை நெருங்கி நிறுத்தும் தொழில்நுட்பர், துறை வல்லுநர், களத் தலைவர் என ஐந்து நிலைகளை அவ்விதி வகுக்கிறது. போபாலில் மக்கள் எந்த வாயுவைச் சுவாசித்தார்கள் என்பதே அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை. அந்த நகரின் பெயர் இந்தப் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும்போதெல்லாம் இதுவும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

அட்லாண்டாவின் நெரிசலைத் தாண்டி மேற்கே செல்லச் செல்ல நிலம் மேடாகிறது. அலபாமா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே செல்கிறது. தெற்கே டல்லடேகா வனமும், மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான சீயாகாவும் தோன்றுகின்றன. அவற்றின் வடபுற அடிவாரத்தில் அமைந்த அனிஸ்டன், தன் அளவுக்கு மீறிய வரலாற்றுச் சுமை கொண்ட நகரம். கறுப்பின மக்களின் பயண உரிமைக்காகப் பேருந்தில் வந்த விடுதலைப் பயணிகளின் வண்டி 1961 மே 14 அன்று இங்கேதான் எரிக்கப்பட்டது. 1971 வரை இங்கே மான்சாண்டோ நிறுவனம் பிசிபி என்னும் மின்காப்பு எண்ணெய்ச் சேர்மங்களைத் தயாரித்து, ஏழைக் குடியிருப்புகளின் மண்ணையும் ஓடைகளையும் நஞ்சாக்கியது. நகரின் மேற்கே உள்ள ராணுவக் கிடங்கில் அமெரிக்காவின் வேதி ஆயுதங்களுள் ஏறத்தாழ ஏழு விழுக்காடு பல பத்தாண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. 2003 முதல் 2011 வரை அவை எரித்து அழிக்கப்பட்ட காலத்தில், சுற்றுவட்டார வீடுகளுக்கு முகக்கவசங்கள் வழங்கப்பட்டிருந்தன.

நகரின் வடபுறத்தில் இருந்த ஃபோர்ட் மெக்கிளெல்லன் என்னும் படைமுகாமில்தான் அமெரிக்க ராணுவத்தின் வேதிப் போர்ப் பள்ளி இயங்கியது. நரம்பு நச்சுகளை உண்மையாகவே பயன்படுத்திப் பயிற்சி தரும் கட்டடம் ஒன்று 1987-இல் அங்கே எழுப்பப்பட்டது. முகாம் 1999-இல் மூடப்பட்டு, பள்ளி மிசௌரி மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அக்கட்டடம் வீணாகாமல், 1998-இல் அங்கே தொடங்கப்பட்டிருந்த உள்நாட்டுத் தயார்நிலை மையத்தின் கைக்கு வந்தது. 2007 முதல் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையின் கீழ் இயங்கும் இம்மையத்துக்கு, நாடெங்கிலுமிருந்து தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், செவிலியர்கள் வருகின்றனர். மாநில, உள்ளாட்சிப் பணியாளர்களுக்குப் பயணம், தங்குமிடம், உணவு ஆகிய செலவுகளைக் கூட்டாட்சி அரசே ஏற்கிறது. குடிமைப் பணியாளர்கள் சாரின், விஎக்ஸ் ஆகிய உண்மையான நரம்பு நச்சுகளோடு பயிலக்கூடிய இடம் அமெரிக்காவில் இது ஒன்றே.

உண்மை நஞ்சு எதற்கு, அதைப் போல் நடிக்கும் தீங்கற்ற பொருள் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கருவியின் விசைகளை அழுத்தப் பழகுவதற்கு அது போதும். பெரும்பாலான வகுப்புகள் அவ்வாறே நடக்கின்றன. ஆனால் முகமூடியின் விளிம்பு தன்னைக் காக்கும் என்பதையும், திரையில் எழும் குறி பயிற்றுநர் போட்ட நாடகம் அன்று என்பதையும் உடலால் நம்பப் பழகுவது வேறு. நரம்பு நச்சு, நரம்பின் கட்டளை முடிந்ததும் தசையைத் தளரச் செய்யும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கிவிடுகிறது. தசைகள் ஓயாமல் இறுகி, மூச்சு நிற்கிறது. அதனால் பயில்வோரின் குருதி முன்னதாகவே எடுக்கப்பட்டு அந்நொதியின் அளவு பதிவு செய்யப்படுகிறது. வெளியே வந்த பின்னும் அது ஒப்பிடப்படுகிறது. கட்டடத்தின் உட்புறக் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைக்கப்படுவதால், எங்கேனும் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வருமேயன்றி உட்காற்று வெளியே செல்லாது.

அங்கே முதலில் கையில் எடுக்கப்படுவதும் காகிதமே. எம்8 எனப்படும் தாளில் நச்சுத் திரவத்தின் துளி பட்டால், சாரின் வகைக்குப் பொன்மஞ்சளாகவும், விஎக்ஸ் வகைக்குக் கரும்பச்சையாகவும், கொப்புளம் எழுப்பும் கடுகு வாயு வகைக்குச் சிவப்பாகவும் நிறம் மாறும். ஆனால் வண்டியின் பிரேக் எண்ணெயும் பூச்சி விரட்டியும்கூட அத்தாளை ஏமாற்றவல்லவை. மேலும் ஆவியை அது காணாது. ஆவிக்குப் பயன்படும் அயனி நகர்வுக் கருவி, அயனியாக்கப்பட்ட மூலக்கூறுகள் ஒரு மின்புலத்தில் எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்பதை அளந்து பொருளை இனங்காண்கிறது. அதுவும் டீசல் புகையிலோ துப்புரவுத் திரவத்தின் ஆவியிலோ பொய் எச்சரிக்கை எழுப்பக்கூடும். ஆகவே ஒரு கருவியின் சொல்லை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு மூன்று கருவிகள் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது இப்பயிற்சியின் உயிர்நாடி. டோக்கியோ சுரங்க ரயில்களில் 1995 மார்ச் 20 அன்று சாரின் பரப்பப்பட்டபோது, அந்நகரத் தீயணைப்புத் துறையின் பகுப்பாய்வு முதலில் காட்டியது அசிட்டோநைட்ரில் என்னும் கரைப்பானை. கருவி பிழை செய்யவில்லை; சாரினோடு அக்கரைப்பானும் உண்மையில் கலந்திருந்தது. ஆயினும் கண்ணெதிரே மக்கள் வலிப்புற்று, கண்மணி சுருங்கி வீழ்ந்துகொண்டிருந்த அறிகுறிகளோடு அந்த விடை பொருந்தவில்லை. அன்று அனுப்பப்பட்ட 1,364 அவசர மருத்துவப் பணியாளர்களுள் 135 பேர் தாமே நச்சின் அறிகுறிகளுக்கு ஆளாயினர். நோயாளியின் உடலும் ஒரு கண்டறி கருவியே என்று தீயணைப்பாளருக்குக் கற்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எண்ணைப் படிக்கும் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, மிகச் சாதாரணமான ஆக்சிஜன் அளவில் கிடைக்கிறது. இயல்பான காற்றில் அது 20.9 விழுக்காடு, மீட்டர் 19.5-க்குக் கீழே போனால்தான் எச்சரிக்கை ஒலிக்கும். திரையில் 20.8 என்று தெரிந்தால் பழகாத கண் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஆதலால், அதில் 0.1 குறைவது, வேறொரு வாயு மொத்தக் காற்றில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு, அதாவது பத்து லட்சத்தில் 5,000 பங்கு, புகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். புகுந்தது குளோரினாயின், அது உடனடி உயிராபத்து அளவைப் போல் ஐந்நூறு மடங்கு. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை என்பதைப் பாதுகாப்பு என்று கொள்பவரை இந்த ஒரு கணக்கே திருத்திவிடும். இதைப் போலவே, கார்பன் மோனாக்சைடு உணரி ஹைட்ரஜனுக்கும் விடையளிப்பதால், மின்கலங்கள் மின்னேற்றப்படும் அறையில் அது காட்டும் எண் வேறொன்றைக் குறிக்கலாம் என்பதும், உணரி முழு அளவைக் காட்டச் சில பத்து நொடிகள் ஆகுமாதலால் வேகமாக நடப்பவர் எண்ணை முந்திச் சென்றுவிடுவார் என்பதும், கனமான வாயுவுக்காகக் கணுக்காலருகிலும் இலேசானதற்காகத் தலைக்கு மேலும் அளக்க வேண்டும் என்பதும் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தாலன்றிக் கைக்கு வராதவை.

பயிற்சி தரும் நிறுவனமும் இதே ஐயத்தைத் தன்மீது செலுத்தியாக வேண்டும் என்பதை அனிஸ்டன் மையத்தின் வரலாறே காட்டியது. ஆமணக்கு விதையிலிருந்து பெறப்படும் ரிசின் என்னும் நஞ்சின் தீங்கு குறைந்த ஒரு பகுதியை மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதாக எண்ணி, 2011 முதல் முழு வீரியம் கொண்ட ரிசினையே அம்மையம் பயன்படுத்தி வந்தது 2016-இல் வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அதனிடையே பயின்றிருந்தனர். பாதுகாப்பு உடைகள் முறையாக அணியப்பட்டதால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. பயிற்சி நிறுத்தப்பட்டு விசாரணை நடந்தது. கொள்கலனில் உள்ளது இன்னதென்று சரிபார்க்கும் பழக்கத்தைப் பிறருக்குக் கற்பித்த இடத்திலேயே அச்சரிபார்ப்பு ஐந்தாண்டுகள் நடைபெறாதிருந்தது கடுமையான குறை; வெளியானபின் அது மறைக்கப்படாமல் விசாரிக்கப்பட்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

அனிஸ்டனிலிருந்து ஊர் திரும்பும் வீரர்களுள் பலர் செல்வது கிரானைட்வில் போன்ற சிற்றூர்களுக்கே; அமெரிக்கத் தீயணைப்பாளர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். பயிற்சிச் செலவை அரசு ஏற்றாலும், கருவியைப் பேணும் செலவு ஊரின் தலையில் விழுகிறது. மின்வேதி உணரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் உள்ளுறை நீர் வற்றிச் செயலிழக்கின்றன. எரிவாயு உணரியை, வண்டியின் சக்கரங்களைப் பளபளப்பாக்கும் மெருகெண்ணெயில் உள்ள சிலிக்கோன் ஆவியே குருடாக்கிவிடும். அளவு சரிபார்க்கும் வாயு உருளைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆகவே அறிந்த அளவு வாயுவைக் கருவிக்குள் செலுத்தி, உணரி விழித்திருக்கிறதா என்று பணிக்குப் புறப்படுமுன் பார்க்கும் சிறு சோதனையும், அதைப் பதிவேட்டில் குறிக்கும் ஒழுங்கும் அனிஸ்டனில் கற்ற வேறெதற்கும் குறைந்தவை அல்ல. முழு உடற்கவசமும் நுண்கருவிகளும் கொண்ட சிறப்புப் படை பெருநகரிலிருந்து இத்தகைய ஊர்களுக்கு வந்து சேர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை காற்று வரும் திசையில் நிற்பதும், சுவாசக் கருவியோடு ஈரமான பிஎச் தாளைக் கோலில் நீட்டிப் பார்ப்பதும், மீட்டரின் கடைசி இலக்கம் அசைகிறதா என்று கவனிப்பதும், மக்களை எத்திசையில் அனுப்புவது என்று தீர்மானிப்பதும் அவ்வூர்த் தன்னார்வலர்களின் பொறுப்பாகவே இருக்கின்றன.